மலை வீட்டுக்குக் கேபிளும் கம்பி டெலிபோனும்

காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் பணம் வரும்; மிளகு காயும் காலத்தில் வரும்; வாழைத் தார் வெட்டும் நாளில் வரும். மற்ற நாட்களில் வராது. வடகவுஞ்சியிலும் அதைச் சுற்றியுள்ள மலைச் சரிவுகளிலும் பயிரிடும் நம் அங்கத்தினர்களின் வருமானம் இத்தகையது. சின்னாளபட்டி, திண்டுக்கல் பக்கத்து நெசவாள அங்கத்தினர்களின் நிலையும் இதிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. தறியில் பாவு ஏறினால் கூலி உண்டு. பாவு இல்லாத வாரத்தில் கை வெறுங்கைதான்.

வருமானம் இவ்வாறு விட்டுவிட்டு வர, சில செலவுகள் மட்டும் மாதம் தவறாமல் வாசலில் வந்து நிற்கின்றன. கேபிள் டெலிவிஷன் கட்டணமும் வீட்டு டெலிபோன் கட்டணமும் அவற்றுள் இரண்டு. தொகை சிறிது என்பதால் இவற்றை எவரும் கணக்கெழுதிப் பார்ப்பதில்லை. ஆனால் சிறு தொகையும் பன்னிரண்டு முறை திரும்பி வந்தால் பெருந்தொகை ஆகிவிடும். இவ்விரண்டையும் விட்டுவிட்டு, இவை தரும் சௌகரியத்தை இன்னும் குறைந்த செலவில் பெற இயலுமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். எதனை விடலாம் என்பதோடு, எதனை அவசரப்பட்டு விடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மலையில் வாழ்வோருக்கு இரண்டாவது விஷயமே முக்கியமானது.

கேபிள் வந்த கதை

சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது 1975 ஆகஸ்டு 15-இல். தென் மாவட்டங்களுக்கு அது உடனே எட்டவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982-இல் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, தென்பாண்டி நாட்டில் வசதியுள்ளோர் வீட்டுக் கூரைமேல் உயரமான கம்பம் நட்டு, கடல் கடந்து வந்த படத்தைக் கண்டனர். பின்னர்க் கொடைக்கானல் மலையுச்சியில் தூர்தர்ஷனின் கோபுரம் எழுந்தது. கூரைமேல் ஓர் அலைவாங்கி இருந்தால் போதும். மாதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை.

1990-களில் நிலைமை மாறியது. விண்வெளியிலிருந்து அந்நிய அலைவரிசைகள் வந்தன. 1993 ஏப்ரல் 14-இல் சன் டி.வி. தொடங்கியது. அவற்றைப் பெரிய தட்டால் வாங்கி, கம்பி வழியே வீடுகளுக்குக் கொடுக்கும் கேபிள் தொழில் தெருவுக்குத் தெரு வளர்ந்தது. 1995-இல் இத்தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டமும் வந்தது. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது, அதுவரை பெட்டியே இல்லாத குடிசைகளிலும் டெலிவிஷன் நுழைந்தது. பெட்டி இலவசம், அதற்குள் படம் வருவதற்கான மாதக் கட்டணம் இலவசமன்று. இக்கட்டணத்தின் சுமையை உணர்ந்தே, 2007-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் இணைப்பு வழங்கத் தொடங்கியது.

2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின், அதாவது ட்ராயின், புதிய விதி நடைமுறைக்கு வந்தது. இணைப்புக்கு ஒரு கட்டணம், கட்டண அலைவரிசைகளுக்குத் தனித்தனி விலை என்று கணக்கு இரண்டாகப் பிரிந்தது. முதல் 100 அலைவரிசைகளுக்கான இணைப்புக் கட்டணம் 130 ரூபாய்க்கு மேற்படக்கூடாது என்று அப்போது வரையறுக்கப்பட்டது. வரியுடன் 153 ரூபாய் 40 காசு. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பு நீக்கப்பட்டது. ஆயினும் விருப்பமான அலைவரிசைகளை மட்டும் தேர்ந்து வாங்கும் உரிமை பார்ப்பவருக்கு இன்றும் உண்டு.

ஆகவே கேபிளை விட நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது, விடுவதன்று. தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று கேட்பது. கேபிள்காரர் கட்டி வைத்திருக்கும் கட்டில் எத்தனை கட்டண அலைவரிசைகள் உள்ளன? அவற்றுள் வீட்டில் உண்மையாகப் பார்ப்பவை எத்தனை? பார்ப்பவை மூன்றோ நான்கோ என்றால், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கச் சொல்லலாம். இந்த ஒரு செயலிலேயே பல குடும்பங்களுக்குக் கணிசமான தொகை மிச்சப்படும்.

கட்டணமில்லாத் தட்டு

முழுதும் விடத் துணிந்தவர்களுக்கு முதல் மாற்று, பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ். இது 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டது. சிறு தட்டும் பெட்டியும் வாங்கிப் பொருத்த ஒருமுறை ஏறக்குறைய 2,000 ரூபாய் செலவாகும். அதன்பின் மாதக் கட்டணம் இல்லை, ரீசார்ஜ் இல்லை.

மலையில் இத்தட்டு எடுபடுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். நிலத்துக் கோபுரத்திலிருந்து வரும் அலையை இடையிலுள்ள மலை மறித்துவிடும் என்பது நாம் அறிந்ததே. ஒரு வளைவில் கிடைக்கும் செல்போன் சிக்னல் அடுத்த வளைவில் மறைவது இதனால்தான். தட்டின் விஷயம் வேறு. ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பைத் தாங்கும் ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள், பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, கிழக்கு 93.5 பாகைத் தீர்க்கரேகையில் நிற்கிறது. பழனி மலையிலிருந்து நோக்கினால் அது கிழக்குக்குச் சற்றுத் தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 68 பாகை உயரத்தில் இருக்கும். இது தலைக்கு மேல் என்று சொல்லத்தக்க உயரம். பள்ளத்தாக்கின் அடியில் இருக்கும் வீட்டுக்கும் எதிர்மலை இதனை மறிப்பது அரிது.

மறிக்கக்கூடியவை மரங்களே. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கென வளர்த்த சவுக்கு மரமோ பலா மரமோ வீட்டின் தென்கிழக்கில் ஓங்கி நின்றால், தட்டை அதன் கிளைக்கு அப்பால் தள்ளிப் பொருத்த வேண்டும். மேலும், கனத்த மழையில் படம் சிறிது நேரம் அற்றுப்போவது இவ்வகை ஒளிபரப்பின் இயல்பு. அடைமழைக் காலத்தில் இதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதன் பெருங்குறை வேறொன்று. தமிழகத்தில் அதிகம் பார்க்கப்படும் தனியார் பொழுதுபோக்கு அலைவரிசைகள் பல இதில் இடம்பெறுவதில்லை. பொதிகை என்ற பெயரில் இருந்து 2024 ஜனவரி முதல் டி.டி. தமிழ் என வழங்கும் அலைவரிசையும், கல்விக்கான அலைவரிசைகளும், பிற மொழி அலைவரிசைகள் பலவும் வரும். தனியார் அலைவரிசைகளின் பட்டியலோ ஏலத்துக்கு ஏலம் மாறுவது. ஆதலால் தட்டு வாங்குமுன், ஏற்கெனவே பொருத்தியிருக்கும் ஒருவர் வீட்டுக்குச் சென்று, இன்றைய தேதியில் தமிழில் என்னென்ன வருகின்றன என்று கண்ணால் பார்த்துவிடுவது நலம். அந்தியில் தொடர் பார்ப்பதே ஒரே இளைப்பாறுதலாக உள்ள மூத்த பெண்மணி வீட்டில் இருந்தால், அவரைக் கேளாமல் கேபிளை வெட்டுவது சிக்கனமாகாது. அது வீட்டுக்குள் ஒரு வழக்கைத் தொடங்கி வைப்பதாகும்.

இரண்டாவது மாற்று இணையத்தின் வழியே பார்ப்பது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் தூர்தர்ஷன் அலைவரிசைகளைச் செல்போனிலேயே காணலாம். ஆனால் படம் பார்ப்பது டேட்டாவை விரைந்து விழுங்கும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படத்துக்கு முக்கால் ஜி.பி. அளவு போகும், உயர்தரத்தில் அதன் இருமடங்குக்கு மேலும் ஆகும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் திட்டத்தில், ஒருவர் இரண்டு மணி நேரம் பார்த்தாலே அன்றைய பங்கு தீர்ந்துவிடும். இணையத்தில் சந்தா கட்டிப் பார்க்கும் திரைப்படச் செயலிகளும் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என அவை சேர்ந்தால், விட்ட கேபிளைக் காட்டிலும் செலவு மிகும். சிக்கனம் கருதி மாறுபவர் இதில் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

டெலிபோனின் கணக்கு

இனி டெலிபோனுக்கு வருவோம். கிராமத்துக்கு டெலிபோன் வருவது ஒரு காலத்தில் பெரும் நிகழ்ச்சியாக இருந்தது. 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் ஸ்தாபனம், குளிர்சாதனம் இல்லாமலே வெயிலையும் தூசியையும் தாங்கி இயங்கும் 128 இணைப்புச் சிறு எக்ஸ்சேஞ்சை உருவாக்கியது. அதில் முதலாவது 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. அதன் பின்னரே கிராமந்தோறும் எக்ஸ்சேஞ்சும், கடைத்தெருதோறும் எஸ்.டி.டி. கூண்டும் தோன்றின.

கம்பியின் செலவைக் குறைக்கத் தமிழகத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. கிராமத்து வீட்டுக்குக் கம்பி இழுப்பதே டெலிபோன் செலவில் பெரும்பகுதி என்று கண்ட சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர், 1990-களில் கோர்டெக்ட் என்ற முறையை உருவாக்கினர். கோபுரத்திலிருந்து ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் உள்ள வீடுகளுக்குக் கம்பியின்றியே டெலிபோனும் இணையமும் கொடுப்பது அதன் நோக்கம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் இம்முறையில் இணைய நிலையங்கள் இயங்கின. ஆனால் அதற்குள் செல்போன் மலிந்துவிட்டது. 1995-இல் நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை இருந்த பேச்சுக் கட்டணம் ஆண்டுக்காண்டு சரிந்தது. 2003 மே முதல், வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. 2006 வாக்கில் நாட்டில் சுமார் ஐந்து கோடியாக இருந்த கம்பி டெலிபோன்கள் 2020-இல் சுமார் இரண்டு கோடியாகக் குறைந்தன.

இம்மாற்றத்தில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வீட்டுக்கொரு டெலிபோன் இருந்தது போய், ஆளுக்கொரு டெலிபோன் வந்துவிட்டது. நான்கு பேர் உள்ள வீட்டில் நான்கு ரீசார்ஜ். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தைப் பத்து முதல் இருபத்தைந்து சதவிகிதம் வரை உயர்த்தியபோது, அந்த உயர்வு நான்காகப் பெருகி வீட்டின்மேல் விழுந்தது. பட்டன் போனில் பேசுவதற்கு மட்டும் சிம் வைத்திருக்கும் முதியவர், தாம் ஒருபோதும் பயன்படுத்தாத டேட்டாவுக்கும் பணம் கொடுத்து வந்தார்.

இக்குறையைப் போக்க, பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டங்களை எல்லா நிறுவனங்களும் தந்தாக வேண்டும் என்று ட்ராய் 2024 டிசம்பரில் விதித்தது. 2025 தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் அறிவித்த இத்தகைய நீண்டகாலத் திட்டங்கள், ஏறக்குறைய ஓராண்டுக்கு 2,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தன. கடைக்காரர் தாமாக இதனை எடுத்துச் சொல்லமாட்டார். 'டேட்டா வேண்டாம், பேச்சு மட்டும்' என்று நாம்தான் கேட்டுப் பெற வேண்டும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கேபிளுக்கு மாதம் 250 ரூபாய், வீட்டு டெலிபோனுக்கு மாதம் 200 ரூபாய் செலவிடும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். ஆண்டுச் செலவு 3,000-மும் 2,400-மும் சேர்ந்து 5,400 ரூபாய். அக்குடும்பம் ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஒருமுறை 2,000 ரூபாயும், பேச்சு மட்டுமான சிம்முக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாயும் செலவிட்டால், முதலாண்டில் மிச்சம் 1,400 ரூபாய். அடுத்த ஆண்டு முதல் ஆண்டுக்கு 3,400 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் 15,000 ரூபாய். வட்டிக்கு வாங்கும் குடும்பத்துக்கு இது அற்பத் தொகையன்று. அவரவர் தங்கள் சொந்த எண்களை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

அவசரப்பட்டு வெட்டக்கூடாதது எது?

கேபிளை வெட்டியவர் ஒரு தொடரை இழக்கலாம். டெலிபோனை வெட்டியவர் இழப்பது ஓர் உயிராக இருத்தல் கூடும். மலைக்கு இது மிகையன்று.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல், உள்நாடு புகுந்து திண்டுக்கல் மாவட்டத்தின் வழியே மேற்கே சென்றது. கொடைக்கானல் மலைப்பகுதியில் மரங்கள் முறிந்து விழுந்தன; மண் சரிந்தது; பாதைகள் அடைபட்டன; மின்சாரம் அற்றது. அத்தகைய நாளில் எந்த டெலிபோன் வேலை செய்யும் என்பதை எண்ணிப் பார்த்தே மாற்றம் செய்ய வேண்டும்.

பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை. அதற்கு வேண்டிய 48 வோல்ட் மின்னழுத்தம் எக்ஸ்சேஞ்சின் மின்கலத்திலிருந்து அதே கம்பியில் வருகிறது. கம்பி அறாமலும் எக்ஸ்சேஞ்சு ஓயாமலும் இருந்தால், இருட்டு வீட்டிலும் மணி அடிக்கும். ஃபைபர் இணைப்பு அப்படியன்று. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது; வீட்டிலுள்ள மோடத்துக்கு மின்சாரம் நின்றால் டெலிபோனும் நின்றுவிடும். செல்போன் நம் கையில் உயிரோடிருந்தாலும், டவரின் மின்கலமும் டீசலும் தீர்ந்தால் பயனில்லை.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் செம்புக் கம்பி டெலிபோனை முழுதும் நிறுத்த 2025 டிசம்பர் என்று குறித்திருந்த கெடு, 2024-இல் 2027 ஜனவரிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தனியே வாழும் முதியோர் வீடுகளில் ஆபத்துக்கால அழைப்பு மணி அந்தக் கம்பியையே நம்பியிருந்தது முக்கியக் காரணம். டெலிபோனை மட்டுமே நம்பியிருப்போருக்கு, மின்சாரம் நின்றபின் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் நெறி.

எனவே கம்பி டெலிபோனை விட நினைக்கும் மலை அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை வரிசையாகச் செய்து முடித்தபின் முடிவெடுப்பது நல்லது.

முதலாவது, வீட்டுக்குள், அதுவும் நோயாளி படுக்கும் அறையில், எந்த நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறது என்று சோதித்தல். வாசல் திண்ணையில் கிடைப்பது போதாது. பக்கத்து வீட்டாரின் வெவ்வேறு சிம்களைப் போட்டு, காலையும் இரவும் மழை நாளிலும் பார்க்க வேண்டும். சிறந்தது வேறு நிறுவனம் என்று தெரிந்தால், அதே எண்ணுடன் மாறிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரி முதல் நாடெங்கும் உள்ளது. ஆனால் வீட்டுக் கம்பி டெலிபோனின் எண்ணைச் செல்போனுக்குக் கொண்டுபோக இயலாது. பாங்கியிலும் பள்ளியிலும் வியாபாரிகளிடமும் அந்த எண்ணைக் கொடுத்திருந்தால், முதலில் அங்கெல்லாம் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம் நின்ற ஒரு நாளில் டவர் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுதல்.

மூன்றாவது, டவர் எட்டாத பள்ளத்து வீட்டுக்கு ஃபைபர் வருமா என்று விசாரித்தல். ஃபைபர் இருந்தால், டவர் இல்லாமலே வை-ஃபை மூலம் செல்போனில் பேசும் வசதி இன்று பெரும்பாலான புதுப் போன்களில் உண்டு. மோடத்துக்கு ஒரு சிறு மின்கலப் பெட்டி சேர்த்துவிட்டால், சில மணி நேர மின்தடையைச் சமாளிக்கலாம்.

நான்காவது, செல்போன் பழகாத முதியோருக்கு, சிம் போட்டுப் பேசும் மேசைத் தொலைபேசி கடைகளில் கிடைக்கிறது. பழைய டெலிபோனைப் போலவே கைப்பிடியை எடுத்து எண்ணை அழுத்தினால் போதும்.

ஐந்தாவது, புதிய வழியில் 108-ஐயும், உறவினர் ஒருவரையும் அழைத்துப் பேசி, வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் பழக்கிவிடுதல். இவையெல்லாம் முடிந்து ஒரு மழைக்காலமும் கடந்தபின், பழைய இணைப்பை எழுத்து மூலம் ஒப்படைத்து, வைப்புத் தொகையைத் திரும்பக் கேட்டு, ரசீது பெற வேண்டும். கேபிளை விடுவோரும் செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்து ரசீது பெறுவது அவசியம்.

எந்தச் சிக்னலும் நிலையாக நிற்காத வீட்டில், செம்புக் கம்பி இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறதென்றால், அதனை வைத்துக்கொள்வதே அறிவுடைமை என்பது நமது கருத்து. அங்கே அந்த மாதக் கட்டணத்தைக் காப்பீட்டுத் தவணையாகவே கருத வேண்டும். அத்துடன் மின்கலத்தில் ஓடும் ஒரு வானொலிப் பெட்டியும் வீட்டில் இருக்கட்டும். கொடைக்கானல் பண்பலை 100.5-இல் வருவது கரண்ட் இல்லாத இரவிலும் கேட்கும்.

சங்கம் செய்யக்கூடியது

தனி மனிதனால் ஆகாதது கூட்டுறவால் ஆகும் என்பதற்கு டெலிபோன் வரலாற்றிலேயே சான்று உண்டு. அமெரிக்காவில் கிராமப் பண்ணைகளுக்குக் கம்பி இழுப்பது இலாபமில்லை என்று பெரிய கம்பெனிகள் ஒதுங்கின. 1949 அக்டோபரில் கிராம மின்சாரச் சட்டம் திருத்தப்பட்டு, டெலிபோனுக்கும் நீண்டகாலக் கடன் கிடைத்தது. விவசாயிகள் டெலிபோன் கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தனர். அவற்றுள் பல இன்று அதே கிராமங்களுக்கு ஃபைபர் இணையம் தருகின்றன. நமது அண்டை மாநிலமான கேரளத்தில், பெரிய நிறுவனங்களின் போட்டிக்கு ஈடுகொடுக்க முடியாத சிறு கேபிள்காரர்கள் ஒன்றுகூடிப் பங்கு சேர்த்துக் கேரள விஷன் என்ற அமைப்பை உண்டாக்கி, டெலிவிஷனோடு இணையமும் வழங்குகின்றனர்.

நம் சங்கங்கள் உடனே டவர் நடப் போவதில்லை. ஆயினும் சிறிய அளவில் செய்யத்தக்கவை உள்ளன. 2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம்.-வாணி திட்டத்தின்படி, சங்கமோ சிறு கடையோ உரிமமும் கட்டணமும் இன்றியே பொது வை-ஃபை நிலையம் நடத்தலாம். சங்க அலுவலகத்தில் ஒரு ஃபைபர் இணைப்பு இருந்தால், காப்பி விலை பார்க்கவும், பிள்ளைகளின் விண்ணப்பங்களை நிரப்பவும் பல வீடுகளுக்கு அது பயன்படும். தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுசெல்வது டான்ஃபிநெட் நிறுவனத்தின் பணி. தங்கள் ஊராட்சியில் அது எந்த நிலையில் உள்ளது என்று கிராம சபையில் கேட்பது அங்கத்தினர்களின் உரிமை.

இன்னொன்றையும் நிர்வாகக் குழுக்கள் யோசிக்கலாம். வீடுகள் எல்லாம் கம்பியை விட்டாலும், சங்கக் கட்டிடத்தில் ஒரு டெலிபோன், மின்கலத்தின் துணையோடு, இரவும் பகலும் எவரும் வந்து பேசத்தக்கதாக இருக்கட்டும். செலவைப் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு தேநீர்ச் செலவுகூட ஆகாது.

மிச்சமாகும் தொகை கைச்செலவில் கரைந்துவிடாமல் இருக்க, கேபிள் கட்டணம் கொடுத்து வந்த அதே தேதியில் அதே தொகையைச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கில் செலுத்திவருவது எளிய வழி. காப்பி உரத்துக்கோ, தறியின் பண்ணை மாற்றவோ, அவசரமாகப் பணம் தேவைப்படும் மாதத்தில் அது கைகொடுக்கும். பொதுக்குழுக் கூட்டத்துக்கு வருகையில் அங்கத்தினர்கள் தங்கள் வீட்டின் கேபிள், டெலிபோன், ரீசார்ஜ் செலவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால், யார் யாருக்கு எந்த மாற்று பொருந்தும் என்பதை அங்கேயே கலந்து பேசி முடிவு செய்யலாம்.